பிள்ளைப்பேற்றுச் செலவு யார் பொறுப்பு?

சென்ற மாதம் பேசாலையில் நடந்த ஒரு மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுயதொழில் கடன் பற்றிப் பேசுவதற்குத்தான் என்னை அழைத்திருந்தார்கள். பேசி முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு இளம் பெண் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுக்கு ஆறு மாதம். இலுப்பைக்கடவைப் பக்கம் அரச காரியாலயம் ஒன்றில் கடமை. வீடு பேசாலையில்.

"அக்கா, எங்கட மச்சாள் ஒருத்தி வெளிநாட்டுப் பிரசையாகி, அந்த நாட்டு அரசாங்கத்தில உத்தியோகம் பார்க்கிறா. அவவை வேற ஒரு நாட்டில இருக்கிற தூதரகத்துக்கு அனுப்பியிருக்கினம். பிள்ளை பிறக்கிற நேரம் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிற இடத்துக்கு அரசாங்கமே பிளேனில கூட்டிக்கொண்டு போய், தங்கிறதுக்கும் காசு குடுத்ததாம். நானும் அரசாங்க உத்தியோகத்தர்தானே? எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டாள்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "உனக்கு இலுப்பைக்கடவையிலயிருந்து பஸ் கிடைச்சாலே பெரிய காரியம்" என்றார் ஒரு வயதான அம்மா. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அவள் கேட்டது சிரித்துவிட்டுப் போகவேண்டிய கேள்வி அல்ல. அரசாங்கம் ஒரு பெண்ணைத் தூரத்துக்குக் கடமைக்கு அனுப்புகிறது. அங்கே அவள் தாயாகிறாள். அந்தத் தாய்மையின் செலவில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு அவளை அனுப்பியவருடையது? அன்று நான் அவளுக்குச் சொன்ன பதிலையும், சொல்ல நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

இலவசமும் செலவும்

எமது நாட்டில் அரச வைத்தியசாலையில் பிள்ளை பெறுவதற்குக் காசு கட்டத் தேவையில்லை. இது சிறிய விடயமல்ல. கர்ப்பவதிகளைக் கிளினிக்கில் பதிந்து, வீடு தேடி வந்து பார்க்கும் மருத்துவமாதுமார் இருக்கும் ஏற்பாடு 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது. இன்று இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடைபெறுகின்றன. எங்களைவிடப் பணம் படைத்த பல நாடுகள்கூட இதை அடையவில்லை.

ஆனால் வைத்தியசாலைக் கட்டணம் இல்லை என்பதனால் பிள்ளைப்பேறு செலவில்லாதது என்று சொல்ல முடியாது. வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் செலவு இருக்கிறது. மாதம் கிட்டியதும் பட்டினத்தில் யாருடைய வீட்டிலாவது தங்கும் செலவு இருக்கிறது. துணைக்கு நிற்கும் தாய்க்கோ மாமிக்கோ சாப்பாட்டுச் செலவு இருக்கிறது. கணவர் கடலுக்குப் போகாமல் நின்றால் அந்த நாட்களின் உழைப்புப் போகிறது. நாட்கூலிக்குப் போகும் பெண்ணானால் அவளுடைய கூலியும் போகிறது. இவை ஒன்றுக்கும் பற்றுச்சீட்டு இல்லை. பற்றுச்சீட்டு இல்லாத செலவை யாரும் கணக்கில் எடுப்பதும் இல்லை.

மன்னாரில் இந்தச் செலவு எப்போதும் கூடவே இருந்து வந்திருக்கிறது. தீவு ஒரு பக்கம், பெருநிலம் ஒரு பக்கம். இடையில் தாம்போதி. 1990இல் பாலம் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010இல்தான் திறக்கப்பட்டது. அதே 1990இல் ரயிலும் நின்றது. தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வர 2015 ஆகிவிட்டது. அந்த 1990 ஒக்டோபரில்தான் மன்னார் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டு, கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். அவர்களில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். தமிழ் மக்களில் பலர் தலைமன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனார்கள். அவர்களிலும் நிறைமாதக் கர்ப்பிணிகள் இருந்தார்கள். அந்தத் தாய்மாரின் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

என்னுடைய கணக்கு

என்னுடைய கதையையும் சொல்லவேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் விதிகளை மட்டும் சொன்னால் அவற்றின் பெறுமதி விளங்காது.

நான் பேசாலையில் பிறந்து ஆட்காட்டிவெளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பெருநிலத்தில் ஒரு காரியாலயத்தில் எழுதுவினைஞராகக் கடமை. வீட்டிலிருந்து காரியாலயத்துக்குச் சைக்கிளில் ஆறு மைல். 2005 நவம்பரில் என்னுடைய இரண்டாவது பிள்ளை பிறந்தது. சமாதான உடன்படிக்கை பெயரளவில் இருந்த காலம். மன்னார் வைத்தியசாலைக்கு வருவதென்றால் உயிலங்குளம் சோதனைச் சாவடியைக் கடக்கவேண்டும். பொழுதுபட்டால் பாதை மூடிவிடும். இரவில் நோவு வந்தால் விடியும்வரை பொறுக்கவேண்டியதுதான். எங்கள் அயலில் ஒருத்தி மழை இருட்டில் உழவு இயந்திரப் பெட்டியிலேயே பெற்றாள். மாமியார் தொப்புள்கொடி அறுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தது ஆண்டவர் புண்ணியம். அந்தப் பயத்தில் நான் மூன்று கிழமை முன்னதாகவே மன்னாருக்கு வந்து சின்னம்மா வீட்டில் நின்றேன்.

அந்தச் செலவுகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். வான் கூலி, மூத்த பிள்ளையையும் கூட்டி வந்ததால் அதன் செலவு, சின்னம்மா வீட்டுக்கு வாங்கிக் கொடுத்த சாமான், பெரும்போக விதைப்பு நேரம் என்னவர் வயலை விட்டு வந்ததால் கூலிக்கு ஆள் பிடித்த காசு. கூட்டிப் பார்த்தால் என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. வைத்தியசாலைக்கு நான் கட்டியது ஒரு சதமும் இல்லை.

அதைவிடப் பெரிய நட்டம் பின்னால் வந்தது. எனக்கு 84 நாள் பிரசவ லீவு என்று எங்கள் காரியாலயத்தில் சொன்னார்கள். சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்து எண்ணினார்கள். நவம்பர் 7ஆம் திகதி தொடங்கிய லீவு ஜனவரி கடைசியில் முடிந்துவிட்டது என்று என்னை வரச் சொன்னார்கள். பத்துக் கிழமைப் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டுச் சைக்கிள் ஏறினேன். மத்தியானம் வந்து பால் கொடுக்கத் தூரம் இடங்கொடுக்கவில்லை. சட்டை நனைந்து, அதைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். ஒரு மாதத்துக்குள் பால் வற்றிப் போனது. பிறகு மாப்பால் ரின். சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போனது.

போர் முடிந்து, இடம்பெயர்ந்து அலைந்து, மீண்டும் கடமைக்கு வந்த பின்னர் 2011இல் மன்னார்ப் பட்டினத்தில் ஒரு காரியாலயத்தில் வேலை செய்தேன். வேறு ஒரு விடயம் தேடிச் சுற்றறிக்கைக் கோவையைப் புரட்டியபோது ஒரு கடதாசி கையில் பட்டது. 2005 பெப்ரவரியில் வெளிவந்த பொது நிருவாகச் சுற்றறிக்கை 4/2005. அதில் தெளிவாக எழுதியிருந்தது: பிரசவ விடுமுறையின் 84 நாட்களை எண்ணும்போது வார இறுதி நாட்களையும் அரசாங்க விடுமுறை நாட்களையும் சேர்க்கக்கூடாது. அதாவது 84 வேலை நாட்கள். நான் என் பிள்ளையைப் பெறுவதற்கு ஒன்பது மாதம் முன்னரே வந்த சுற்றறிக்கை. எனக்கு மார்ச் மாதத் தொடக்கம் வரை உரிமை இருந்திருக்கிறது. ஐந்து கிழமை. ஐந்து கிழமை என் பிள்ளை என் மடியில் இருந்திருக்கலாம்.

அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்ல வரவில்லை. பாதை மூடிய காலத்தில் சுற்றறிக்கையும் பிந்தித்தான் வந்திருக்கும். ஆனால் நானும் ஒரு எழுதுவினைஞர். மற்றவர்களின் லீவுப் படிவத்தை எழுதிக் கொடுத்தவள். என்னுடைய உரிமையை நானே வாசித்துப் பார்க்கவில்லை. இதை வாசிக்கும் சகோதரிகள் என்னைப்போல் ஆகிவிடக்கூடாது.

அரச உத்தியோகத்தரின் உரிமைகள்

தாபன விதிக்கோவையின் XIIஆம் அத்தியாயம் 18ஆம் பிரிவுதான் பிரசவ விடுமுறை பற்றியது. மேலே சொன்ன 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அதைத் திருத்தியது. அதன் சாரம் இதுதான்.

முதலாவது, உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். கிழமைக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்கு இது ஏறக்குறைய 17 கிழமை. இடையில் வரும் போயா, பொங்கல், நத்தார் போன்ற விடுமுறைகள் சேர இன்னும் நீளும். மூன்றாவது பிள்ளை, நான்காவது பிள்ளை என்று குறைப்பது கிடையாது.

இரண்டாவது, அது முடிந்தபின் பிள்ளையைப் பராமரிப்பதற்காக அரைச் சம்பளத்தில் 84 நாட்கள் எடுக்கலாம். அதன்பின்னும் தேவையென்றால் சம்பளமின்றி 84 நாட்கள் எடுக்கலாம். இந்த இரண்டையும் எண்ணும்போது சனி, ஞாயிறும் சேரும். இங்கேதான் பலருக்குக் குழப்பம் வருகிறது. முழுச் சம்பள லீவுக்கு ஒரு கணக்கு, அரைச் சம்பளத்துக்கும் சம்பளமற்றதற்கும் வேறு கணக்கு. அரைச் சம்பள லீவு எடுக்க முன்னர் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். கடன் தவணை சம்பளத்தில் வெட்டுப்படுபவர்களுக்கு அரைச் சம்பளத்தில் கையில் மிஞ்சுவது மிகக் குறைவாக இருக்கும்.

மூன்றாவது, நிரந்தரமானவருக்கு மட்டுமல்ல, தற்காலிக, அமைய, பயிலுநர் நிலையில் உள்ள பெண்களுக்கும் இந்த விடுமுறை உண்டு. எங்கள் மாவட்டத்தில் பயிலுநராக நியமனம் பெற்ற பிள்ளைகள் பலர் கேட்கவே பயந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். பயப்படத் தேவையில்லை.

நான்காவது, கர்ப்பமாகி ஐந்து மாதம் நிறைந்த பின்னர் காலையில் அரை மணித்தியாலம் பிந்தி வரவும், மாலையில் அரை மணித்தியாலம் முந்திப் போகவும் அனுமதி கேட்கலாம். கடமைக்குத் திரும்பிய பின்னர் பால் கொடுப்பதற்காக முன்னதாகப் போகும் சலுகையும் இருக்கிறது. தகப்பன் அரச ஊழியரானால் அவருக்கு மூன்று நாள் விடுமுறை உண்டு.

ஐந்தாவது, அக்ரஹார மருத்துவக் காப்புறுதி. அரச ஊழியரின் சம்பளத்தில் மாதாமாதம் இதற்கு வெட்டுப்படுகிறது. இதை நடத்துவது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். பிள்ளை பிறந்தாலும் இதில் ஒரு கொடுப்பனவு கோரலாம் என்பது பலருக்குத் தெரியாது. கோருவதற்குக் காலக்கெடு இருக்கிறது. வைத்தியசாலை அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு ஆகியவற்றின் பிரதிகளோடு, லீவு முடிய முன்னரே உங்கள் காரியாலயத்தில் படிவம் கேளுங்கள்.

கடல் கடந்த கடமை

இனி அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு வருவோம். தூதரகத்தில் இருப்பவர்களுக்கு ஏன் அவ்வளவு?

அமெரிக்க வெளிநாட்டுச் சேவையின் விதியை உதாரணமாக எடுக்கலாம். மருத்துவ வசதி குறைந்த நாட்டுக்கு அனுப்பப்பட்ட பெண் உத்தியோகத்தர் கர்ப்பமானால், பேற்றுக்கு ஏறக்குறைய 45 நாள் முன்னதாக அவரை வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். பிறந்து ஏறக்குறைய 45 நாள் சென்ற பின்னர் பணியிடத்துக்குத் திரும்புவார். அந்த 90 நாள் வரையான தங்குசெலவும் பயணச் செலவும் அரசாங்கத்தினுடையது. வைத்தியசாலைச் செலவைக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். இந்தியாவும் வெளிநாடுகளில் உள்ள தன் உத்தியோகத்தர்களின் மருத்துவச் செலவை ஏற்பதற்குத் தனித் திட்டம் வைத்திருக்கிறது.

இது தயவால் கொடுப்பதல்ல. அரசாங்கம் தன் தேவைக்காக ஒருவரை ஓரிடத்துக்கு அனுப்புகிறது. அங்கே பாதுகாப்பாகப் பிள்ளை பெற வழியில்லையென்றால், வழியுள்ள இடத்துக்குக் கொண்டு போவது அனுப்பியவரின் கடமை. அங்கே கணக்கில் எடுக்கப்படுவது பிரசவக் கட்டணம் மட்டுமல்ல. போகும் வழியும், காத்திருக்கும் நாட்களும் கணக்கில் எடுக்கப்படுகின்றன.

நான் மூன்று கிழமை சின்னம்மா வீட்டில் காத்திருந்ததும் அதே காரணத்துக்காகத்தான். வித்தியாசம் என்னவென்றால் அவர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது. எனக்குச் சின்னம்மா கொடுத்தார்.

இன்னொரு கூட்டத்தினரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது, அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று வேலை செய்ய ஒரு சுற்றறிக்கை மூலம் இடமளிக்கப்பட்டது. எங்கள் பகுதியிலிருந்தும் பெண்கள் போனார்கள். இவர்கள் கடல் கடந்து வேலை செய்யும் அரச ஊழியர்கள்தான். ஆனால் அரசாங்கம் அனுப்பியவர்கள் அல்லர். சம்பளமற்ற விடுமுறையில் இருக்கும்போது இங்கிருந்து சம்பளம் இல்லை. ஆகவே பிள்ளை பிறந்தால் அங்குள்ள வேலை ஒப்பந்தமும் அந்நாட்டுச் சட்டமுமே துணை. பிரித்தானியாவுக்கு வேலை வீசாவில் போகிறவர்கள் வீசாவுடன் சுகாதார மேலதிகக் கட்டணமும் கட்டுவதால் அரச வைத்தியசாலையில் பிள்ளை பெறலாம். அந்த உரித்து இல்லாமல் அங்கே பெறுகிற வெளிநாட்டவருக்குச் சாதாரணச் செலவின் ஒன்றரை மடங்கு பில் வரும். ஆனாலும் காசில்லை என்று பிரசவ நேரத்தில் சேர்க்க மறுக்கக்கூடாது என்பது அங்குள்ள விதி.

வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை செய்யும் எங்கள் சகோதரிகளின் நிலை இன்னும் கடினமானது. அந்த நாடுகள் பலவற்றில் வீட்டுப் பணிப்பெண்கள் பொதுத் தொழிற்சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறார்கள். எங்கு போவதானாலும் ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்புறுதி, பிரசவ விடுமுறை, திரும்பி வரும் பயணச்சீட்டு ஆகிய மூன்றும் என்ன சொல்கின்றன என்று கையெழுத்து வைக்க முன்னர் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

தாய் வீடு வெளிநாட்டில் இருக்கிறது, அங்கே போய்ப் பெறப்போகிறேன் என்று நினைக்கும் உத்தியோகத்தர்களும் கவனிக்கவேண்டும். லீவை நாட்டுக்கு வெளியே கழிப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். அனுமதி இல்லாமல் போனால் பதவியை விட்டுச் சென்றதாகக் கருதப்படும் ஆபத்து உண்டு.

அக்கரையில் பிறந்த பிள்ளைகள்

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் மற்ற முகாம்களிலும் பிறந்த பிள்ளைகள் ஏராளம். இவர்களில் பலர் இப்போது தாய்மாருடன் திரும்பி வந்திருக்கிறார்கள். சிலருக்கு இன்றும் பத்திரச் சிக்கல்.

பிரசைகள் சட்டம் 1948ஆம் ஆண்டினது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரசாவுரிமை கிடைக்கவேண்டுமானால் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரக அலுவலகத்தில் பதியவேண்டும். பிந்தினால் அமைச்சின் அனுமதியோடு பதியலாம். நெடுங்காலம் தகப்பன் வழியாகவே இந்த உரிமை போனது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னர் தாய் வழியாகவும் பிள்ளை பிரசாவுரிமை பெறலாம். கணவனை இழந்த, கணவன் காணாமற்போன தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லத் தேவையில்லை. முகாம் பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிவதற்கு, 1984இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பெரிதும் உதவியது. இன்னும் பதியாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்தியப் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். வயது போயிற்று என்று விட்டுவிடாதீர்கள்.

இங்கே பிறக்கும் பிள்ளையின் பிறப்பை 42 நாட்களுக்குள் பதியவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உத்தியோகம் இல்லாத தாய்க்கு?

அன்று கூட்டத்தில் இருந்தவர்களில் அரச உத்தியோகத்தர் மூன்று பேர்தான். மற்றவர்கள் கருவாடு போடுபவர்கள், நண்டுக் கொம்பனியில் வேலை செய்பவர்கள், தையல் செய்பவர்கள், கணவர் கொண்டுவரும் மீனை விற்பவர்கள்.

கொம்பனியிலோ கடையிலோ மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலை போன்ற இடங்களுக்கு உரியது. கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம். மூன்றாவது பிள்ளை முதல் 42 நாள்தான் என்றிருந்த பாகுபாடு 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களால் நீங்கி, எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 நாள் ஆயிற்று. கர்ப்பம் காரணமாக வேலையிலிருந்து நிறுத்துவது சட்டவிரோதம். அப்படி நடந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

ஆனால் இந்தச் சட்டங்களில் ஒரு குறை இருக்கிறது. விடுமுறைச் சம்பளத்தை முதலாளியே முழுக்கக் கொடுக்கவேண்டும். அதனால் கலியாணம் கட்டப்போகும் வயதுப் பெண் என்றால் வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 103ஆம் இலக்கச் சமவாயம், மகப்பேற்று நன்மையின் செலவைத் தனி முதலாளியின் தலையில் போடக்கூடாது, சமூகக் காப்புறுதியிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ கொடுக்கவேண்டும் என்று சொல்கிறது. அப்படி ஒரு நிதி இருந்தால் அதில் கருவாடு போடும் பெண்ணும் ஒருநாள் சேரலாம்.

சொந்தத் தொழில் செய்யும் தாய்மாருக்கு இப்போது கிடைப்பவை வேறு. 1973இல் தொடங்கிய திரிபோஷா கிளினிக் மூலம் கிடைக்கும். கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குக் கொடுப்பனவு 2015இல் 20,000 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. பின்னர் தொகை மாறியது. கிளினிக்கில் நேரத்தோடு பதிந்தவர்களுக்கே இவை ஒழுங்காகக் கிடைக்கும். ஆகவே மாதம் தப்பியதும் மருத்துவமாதுவைச் சந்தித்துப் பதிந்துவிடுங்கள்.

இன்னொன்று. 1990 என்றால் எங்கள் எல்லோருக்கும் இடப்பெயர்வு நினைவு வரும். இன்று அது அம்புலன்ஸ் இலக்கமும் ஆகும். இந்திய உதவியுடன் 2016இல் தெற்கில் தொடங்கிய 1990 சுவசெரிய சேவை 2018இல் வடமாகாணத்துக்கும் வந்தது. அழைப்பும் இலவசம், வண்டியும் இலவசம். கர்ப்பிணிக்குக் கடுமையான தலையிடி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, இரத்தப்போக்கு, பன்னீர்க்குடம் உடைதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் என்று எது கண்டாலும் காசைப் பற்றி யோசிக்காமல் உடனே அழையுங்கள். இரத்தப்போக்குக்கு மணித்தியாலக் கணக்கில்கூட நேரம் கிடைக்காது.

நாங்கள் கேட்கக்கூடியது

கியூபா நாட்டில் 1962இலிருந்து பிரசவ வைத்தியசாலைகளுக்குப் பக்கத்தில் தாய்மார் தங்கும் வீடுகள் நடத்துகிறார்கள். தூரக் கிராமத்துப் பெண்கள் மாதம் கிட்டியதும் வந்து அங்கே நிற்பார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். தூதரக உத்தியோகத்தருக்குக் கொடுக்கும் 45 நாளை, ஒரு ஏழை நாடு தன் கிராமத்துப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறது.

மன்னார் போன்ற நீண்ட கரையுள்ள மாவட்டத்தில், முள்ளிக்குளத்திலிருந்தும் தேவன்பிட்டியிலிருந்தும் வருகிற தாய்க்குப் பட்டினத்தில் சின்னம்மா இல்லாவிட்டால் என்ன செய்வது? துணையோடு தங்க ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கழிப்பறை. இதை எங்கள் மாதர் சங்கங்கள் பிரதேச செயலகத்திலும் சுகாதாரப் பணிமனையிலும் எழுத்தில் கேட்கலாம். காரியாலயங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தூரக் கடமையில் உள்ள பெண் ஆறு மாதமாகிவிட்டால், அவள் கேட்கும்வரை காத்திராமல் லீவு விதியின் பிரதியைக் கையில் கொடுங்கள். முடிந்தால் வீட்டுக்குக் கிட்டிய இடத்தில் தற்காலிகமாக இணைப்புச் செய்யுங்கள்.

நீங்களும் ஒரு கோவை வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப் பதிவேட்டின் பிரதி, லீவு விண்ணப்பத்தின் பிரதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள். போரில் எங்கள் சுயவிபரக் கோவைகள் எத்தனை அழிந்து போயின என்று எங்களுக்குத்தான் தெரியும். கையில் பிரதி வைத்திருந்தவர்களே பிறகு பேசமுடிந்தது.

அந்தப் பிள்ளைக்கு அன்று நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "உன்னை ஏற்றிக்கொண்டு போகப் பிளேன் வராது தங்கச்சி. ஆனால் 84 வேலை நாள் உன்னுடையது. கலண்டரை எடுத்து நீயே எண்ணு. சனி, ஞாயிறைச் சேர்க்காதே."

அவள் அந்த இடத்திலேயே கைத்தொலைபேசியில் கலண்டரைத் திறந்து எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடித்து, "ஐயோ அக்கா, பிள்ளைக்கு நாலு மாதம் ஆகும்வரைக்கும் நான் வீட்டில நிற்கலாம்" என்றாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, இருபது வருடத்துக்கு முன்னர் எனக்கு இதை யாராவது எண்ணிக் காட்டியிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இதைக் கொடுங்கள்.